உடைவில் தெரியும் உருவம்: நியூட்ரான் மிகுந்த அணுக்கருக்கள் பற்றி

கொல்கத்தா லேக் மார்க்கெட்டில் வாழைப்பூவுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது மலர்க்குழுத் தம்பி என்னைப் பிடித்துக்கொண்டார். "மாமா, சோழர் கால ஏரிகள் பத்தி வந்தாச்சு, கர்நாடக சங்கீதம் பத்தி வந்தாச்சு. இந்தத் தடவை சயின்ஸ்ல ஒண்ணு வேணும். நீங்கதான் எழுதணும். எங்க அம்மாவுக்கும் புரியற மாதிரி இருக்கணும்" என்றார். அணுகுண்டு பற்றியும் மின் நிலையம் பற்றியும் கேட்கக் கூடாது என்று நானும் ஒரு நிபந்தனை போட்டேன். ஒப்புக்கொண்டார்.

முப்பத்திரண்டு வருஷம் இந்த ஊர்க் கல்லூரி ஒன்றில் இயற்பியல் கற்பித்தவன் நான். எழுத எத்தனையோ விஷயம் இருந்தாலும், நான் தவறாக மதிப்பெண் போட்ட ஒரு விஷயத்தையே எடுத்துக்கொள்கிறேன். 1991 வாக்கில் ஒரு வகுப்புத் தேர்வில், 21-ஆவது நியூட்ரான் எந்தச் சுற்றுப்பாதையில் போய் உட்காரும் என்று கேட்டிருந்தேன். பாடப்புத்தக விடை ஒன்று உண்டு. ஒரு வங்காளிப் பையன் அதைச் சரியாக எழுதிவிட்டு, கீழே ஒரு வரி சேர்த்திருந்தான்: அணுக்கரு உருண்டையாக இல்லாவிட்டால் இந்த விடை மாறாதா? நான் சிவப்பு மையால் அந்த வரியை அடித்து, "தேவையற்றது" என்று எழுதி, அரை மதிப்பெண்ணும் குறைத்தேன். தேவையற்றதைத்தான் எழுதினான் என்று அன்று உறுதியாக நம்பினேன்.

கொஞ்சம் அடிப்படையிலிருந்து ஆரம்பிக்கிறேன். அணுவின் நடுவில் அணுக்கரு. அதில் மின்னூட்டம் உள்ள புரோட்டான்களும் மின்னூட்டம் இல்லாத நியூட்ரான்களும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. அதன் அளவை ஃபெர்மி என்ற அலகில் சொல்வோம். ஒரு மில்லிமீட்டரை லட்சம் கோடி பங்காகப் போட்டால் ஒரு பங்குதான் ஒரு ஃபெர்மி. நியூட்ரான்களும் புரோட்டான்களும் கண்டபடி கிடப்பதில்லை. தனித்தனிச் சுற்றுப்பாதைகளில், அடுக்கடுக்காக இருக்கின்றன. 2, 8, 20, 28, 50, 82, 126 என்ற எண்ணிக்கையில் ஒரு அடுக்கு முழுமை அடைகிறது. இவற்றுக்கு மாய எண்கள் என்று பெயர். இந்த எண்கள் ஏன் வருகின்றன என்று 1949-இல் விளக்கிய மரியா மேயருக்கும் ஹான்ஸ் யென்சனுக்கும் 1963-இல் நோபல் பரிசு கிடைத்தது. மாய எண் உள்ள அணுக்கரு கெட்டியான உருண்டை, எலுமிச்சம்பழம் மாதிரி. அடுக்கு பாதி நிறைந்த கருக்களோ பல சமயம் நீண்டு சுரைக்காய் மாதிரியும், சில சமயம் தட்டையாகி பரங்கிக்காய் மாதிரியும் ஆகும்.

உருண்டையா நீளமா என்று எப்படித் தெரிகிறது? ஒரு வழி, அதைக் கிளறிவிட எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று பார்ப்பது. உருண்டையான கருவைக் கிளறுவது கடினம். நீண்ட கருவைச் சுழற்றிவிடுவது சுலபம். குறைந்த ஆற்றலே போதும். 20 புரோட்டானும் 20 நியூட்ரானும் கொண்ட கால்சியம்-40-ஐ அவ்வாறு உசுப்ப ஏறத்தாழ 3.9 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் தேவை. அதே 20 நியூட்ரான் இருந்தும் 12 புரோட்டானே உள்ள மக்னீசியம்-32-க்கு 0.885 போதும். நாலில் ஒரு பங்குகூட இல்லை. 20 என்ற மாயம் அங்கே பலிக்கவில்லை! மக்னீசியம்-32-இன் நீளம் அதன் அகலத்தைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு.

இதற்கான முதல் தடயம் 1975-லேயே வந்துவிட்டது. ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் கேத்தரின் திபோவும் அவரது பிரெஞ்சுக் குழுவினரும் நியூட்ரான் மிகுந்த சோடியம் ஐசோடோப்புகளின் நிறையை அளந்தபோது, சோடியம்-31, சோடியம்-32 இரண்டும் எதிர்பார்த்ததைவிட இறுக்கமாகப் பிணைந்திருந்தன. கரு நீண்டுவிட்டது என்று வைத்துக்கொண்டால்தான் கணக்கு ஒத்துவந்தது. நான் அந்தப் பையனின் வரியை அடித்தபோது இந்தச் செய்திக்குப் பதினாறு வயது. நூலகத்தில் இருந்திருக்கும். நான் படிக்கவில்லை. இன்று அந்தப் பகுதிக் கருக்களை ஒரு தீவு என்றே அழைக்கிறார்கள்: அடுக்கு வரிசை தலைகீழாகும் தீவு.

இனி கதையின் இன்னொரு இழை. 1985-இல் அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் ஜப்பானியரான இசாவோ தனிஹாதாவின் குழு லித்தியம் ஐசோடோப்புகளின் பருமனை அளந்தது. லித்தியம்-9-இன் ஆரம் 2.4 ஃபெர்மிக்கு உட்பட்டது. இரண்டு நியூட்ரான் கூடிய லித்தியம்-11-இலோ அது 3 ஃபெர்மியைத் தாண்டிவிட்டது. ரெண்டே ரெண்டு நியூட்ரானுக்கு இவ்வளவு வீக்கமா? 1987-இல் ஹான்சென், யான்சன் என்ற இரு அறிஞர்கள் விளக்கம் தந்தார்கள்: அந்த இரண்டும் கருவோடு ஒட்டியும் ஒட்டாமலும் வெகு தூரம் பரவிக் கிடக்கின்றன. ஆங்கிலத்தில் ஹேலோ என்று பெயர் வைத்தார்கள். ஊரில் பாட்டிமார்கள் ராத்திரி வானத்தைப் பார்த்து "நிலா கோட்டை கட்டியிருக்கு, மழை வரும்" என்பார்களே, அந்தக் கோட்டைதான் ஹேலோ. இந்தக் கட்டுரையில் ஒளிவட்டம் என்றே சொல்கிறேன்.

ஒளிவட்டம் உண்டாக இரண்டு நிபந்தனைகள். இதைப் புரிந்துகொள்ள ஒரு கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். (இங்கே பிறந்த பிள்ளைகள் கிணறு பார்த்திராவிட்டால், அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது பெரியவர்கள் காட்டவும்.) அணுக்கரு ஒரு கிணறு. கடைசி நியூட்ரான் அதன் மேல்மட்டத் தண்ணீர். தண்ணீர் விளிம்பிலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறதோ, அதுதான் அந்த நியூட்ரானைப் பிரித்தெடுக்கத் தேவைப்படும் ஆற்றல். சாதாரணக் கருக்களில் இது 8 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் அளவில் இருக்கும். ஒளிவட்டக் கருக்களில் 1-க்கும் கீழே. விளிம்பு தட்டத் தளும்பும் கிணறு. இது முதல் நிபந்தனை.

இரண்டாவது, கைப்பிடிச் சுவர். நியூட்ரான் சுற்றும்போது அதற்கு ஒரு கோண உந்தம் உண்டு; 0, 1, 2, 3 என்று முழு எண்களாகத்தான் வரும். எண் கூடக் கூட கிணற்றைச் சுற்றியுள்ள சுவர் உயரும். சுவரின் உயரம் 0, 2, 6, 12 என்ற விகிதத்தில் போகிறது. 0 என்றால் சுவரே கிடையாது. 1 என்றால் குட்டைச் சுவர். 3 என்றால் அதைப்போல் ஆறு மடங்கு உயரம். தண்ணீர் என்னதான் தளும்பினாலும் வெளியே சிந்தாது. ஆக, கோண உந்தம் 0 அல்லது 1 உள்ள நியூட்ரான்தான் ஒளிவட்டமாகப் பரவ முடியும்.

இப்போது நியான்-31-க்கு வருவோம். பார்க் ஸ்ட்ரீட் விளம்பரப் பலகைகளில் எரிந்த நியான் வாயுவில் பெரும்பகுதி நியான்-20. 10 புரோட்டான், 10 நியூட்ரான். நியான்-31-இல் நியூட்ரான் 21. இது இயற்கையில் கிடைக்காது. ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கினாலும் சில மில்லி விநாடிதான் ஆயுள். பாடப்புத்தகப்படி 20 நியூட்ரான் ஒரு அடுக்கை நிரப்பிவிட, 21-ஆவது நியூட்ரான் அடுத்த அடுக்கில், கோண உந்தம் 3 உள்ள பாதையில் உட்கார வேண்டும். உயரமான சுவர். ஒளிவட்டம் வாய்ப்பே இல்லை. என் விடைத்தாளில் முழு மதிப்பெண் இதற்குத்தான்.

கரு நீண்டிருந்தால்? உருண்டையான கருவில் எந்தத் திசையில் பார்த்தாலும் ஒரே இழுப்பு. அதனால் நியூட்ரானின் கோண உந்தம் மாறாமல் நிலைத்திருக்கும். நீண்ட கருவில் முனைப்பக்கம் ஒரு இழுப்பு, இடுப்புப்பக்கம் வேறு இழுப்பு. அங்கே கோண உந்தம் தனித்து நிற்க முடியாது. 3 என்ற பாதையில் 1 கலந்துவிடும். இரண்டும் சேர்ந்த ஒரு கலவைப் பாதைதான் கிடைக்கும். இந்தக் கணக்கை ஸ்வீடன் நாட்டு நில்சன் 1955-லேயே போட்டுக்காட்டிவிட்டார். கலவையில் 1 என்ற பங்கு வந்த உடனே கைப்பிடிச் சுவரில் ஒரு பக்கம் தாழ்ந்துவிட்ட மாதிரி. தளும்பிய தண்ணீர் அந்த வழியாக வெளியே போகலாம். நியான்-31-இல் ஒளிவட்டம் இருந்தால், அது நீண்ட கரு என்பதற்கு அதுவே சாட்சி ஆகும். கேள்வி சோதனைக்கூடத்துக்குப் போனது.

எப்படிச் சோதிப்பது? இவ்வளவு சின்னதை, இவ்வளவு அற்ப ஆயுள் உள்ளதைப் பிடித்து வைத்துப் பார்க்க முடியாது. ஓடும்போதே உடைத்துப் பார்க்க வேண்டியதுதான். டோக்கியோவுக்கு அருகே வாக்கோ நகரில் ரிக்கென் என்ற ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அங்கே கால்சியம்-48 கருக்களை வேகப்படுத்தி பெரிலியத் தகட்டில் மோதவிட்டார்கள். சிதறிய துண்டுகளிலிருந்து காந்தங்களை வைத்து நியான்-31-ஐ மட்டும் சலித்தெடுத்தார்கள். அது ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ 60 சதவீத வேகத்தில் ஓடும். சில மில்லி விநாடிதான் ஆயுளா என்று பரிதாபப்பட வேண்டாம்; அந்த வேகத்தில் ஒரு மில்லி விநாடியில் 180 கிலோமீட்டர் போகலாம். ஆய்வுக்கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போக அதில் துளி நேரம் போதும்.

வழியில் ஈயத் தகடு. ஈயக் கருவில் 82 புரோட்டான், பலமான மின்புலம். நியான்-31 அதன் அருகே கடக்கும்போது அந்த மின்புலம் நியானின் 10 புரோட்டான்களைத் தள்ளும். மின்னூட்டம் இல்லாத நியூட்ரானை அது தொடாது. பூஜை நாட்களில் பந்தல் கூட்டத்தில் அம்மாவைப் பக்கவாட்டில் இடித்துத் தள்ளிக்கொண்டு போனால், புடவைத் தலைப்பின் நுனியை மட்டும் பிடித்திருக்கும் குழந்தை என்ன ஆகும்? கை விட்டுப் போகும். இடுப்பில் இருக்கும் குழந்தை போகாது. ஒளிவட்ட நியூட்ரான் தலைப்பைப் பிடித்த குழந்தை. ஆகவே உடைவு எவ்வளவு அதிகமாக நடக்கிறதோ, அவ்வளவுக்கு நியூட்ரான் வெளியே பரவியிருக்கிறது என்று பொருள்.

ஈயத்தோடு நேரடியாக உரசியும் சில கருக்கள் உடையும். அதைக் கழிக்க வேண்டுமே! அதற்காக 6 புரோட்டானே உள்ள கார்பன் தகட்டிலும் அதே சோதனையைச் செய்தார்கள். மின்புல விளைவு புரோட்டான் எண்ணின் வர்க்கத்தில் கூடும். கார்பனைவிட ஈயத்தில் அது 180 மடங்குக்கு மேல். கார்பனில் நடப்பது பெரும்பாலும் உரசல் உடைவுதான். அதைத் தக்கபடி பெருக்கிக் கழித்தால் ஈயத்தில் மின்புலம் மட்டும் செய்த உடைவு கிடைக்கும். எனக்கு இந்த யோசனை மிகவும் பிடித்தது. வீட்டுக்கணக்கு மாதிரி எளிமையானது.

தகாஷி நகமுரா குழு 2009-இல் வெளியிட்ட விடை: 540 மில்லிபார்ன், 70 கூடலாம் குறையலாம். பார்ன் என்பது மோதும் பரப்பின் அலகு. 1942-இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் இருவர் விளையாட்டாக வைத்த பெயர். அணுக்கருவுக்கு அது களஞ்சியம் போலப் பெரிய பரப்பு என்று கிண்டல். அந்தக் களஞ்சியத்தில் பாதிக்கு மேல், மின்புல உடைவுக்கு மட்டும்! ஒளிவட்டம் உண்டு என்று முன்பே தெரிந்திருந்த கார்பன்-19-ஐயும் கூடவே அளந்திருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் வரும் அளவு. கோண உந்தம் 3 உள்ள நியூட்ரானை வைத்துக்கொண்டு இந்த எண்ணை எட்டவே முடியாது.

அப்படியானால் கரு நீளம் என்று அன்றே முடிவாகிவிட்டதா என்றால், இல்லை. இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். உடைவு அதிகமாவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம் என்று கிணற்றிலேயே பார்த்தோம். தண்ணீர் மிகவும் தளும்பியிருக்கலாம். அல்லது சுவர் தாழ்ந்திருக்கலாம். முதலாவதை அறிய நியூட்ரானைப் பிரிக்கும் ஆற்றல் தெரிய வேண்டும். அன்றைக்குக் கையில் இருந்த நேரடி அளவீடு 0.29 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட், பிழை 1.64. விடையைப் போல ஐந்து மடங்குக்கு மேல் பிழை! மளிகைக்கடைத் தராசு இப்படி இருந்தால் நாம் என்ன பேசுவோம்? ஆக 540 என்ற ஒரே எண்ணை, நீட்சி இவ்வளவு, பிரிக்கும் ஆற்றல் இவ்வளவு என்று பல ஜோடிகளாக விளக்க முடிந்தது.

இந்த முடிச்சை அவிழ்ப்பதில் நம் நாட்டுக்கும், நாம் குடியிருக்கும் இந்த ஊருக்கும் பங்கு உண்டு. சால்ட் லேக்கில் உள்ள சாஹா நிறுவனத்திலிருந்து சட்டர்ஜி, பானர்ஜி, ஷ்யாம் மூவரும் ஒற்றை நியூட்ரான் ஒளிவட்டக் கருக்கள் மின்புலத்தில் எப்படி உடைகின்றன என்ற கணக்கை 2000-இல் வெளியிட்டார்கள். பின்னாளில் ரூர்க்கி ஐ.ஐ.டி.யில் ராஜ்தீப் சட்டர்ஜியும் அவர் மாணவர் சுப்சிந்தக்கும் அந்தக் கணக்குக்குள் கருவின் நீட்சியை நுழைத்து, 2014-இல் நியான்-31-க்குப் போட்டுக்காட்டினார்கள். நியூட்ரானுக்கும் உள்கருவுக்கும் இடையிலான விசையில்தான் வடிவம் புகுகிறது. கோல் ஒன்றைத் திருப்புவது போல நீட்சியைக் கூட்டிக் குறைத்து, ஒவ்வொரு அளவீடும் எப்படி நகர்கிறது என்று பார்க்கலாம்.

மொத்த உடைவு ஒரு அளவீடு மட்டுமே. உடைந்த துண்டுகள் எந்த வேகப் பரவலோடு வருகின்றன என்பது இன்னொன்று. வெகு தூரம் பரவியிருந்த நியூட்ரானிடமிருந்து பிரிந்த உள்கரு, வேகத்தில் அதிகச் சிதறல் இல்லாமல் ஒழுங்காக வரும். நெருக்கமாக இருந்ததிலிருந்து பிரிந்தது தாறுமாறாக வரும். இது ஹைசன்பர்க் விதியின் நேரடி விளைவு. பெரிலியம்-11 போன்ற ஒளிவட்டக் கருக்களில் இந்தச் சிதறலின் அகலம் சாதாரணக் கருக்களில் இருப்பதில் பாதிகூட இராது. நியூட்ரானும் உள்கருவும் பிரியும்போது அவற்றுக்கிடையே உள்ள ஆற்றல் எங்கே உச்சம் அடைகிறது என்பது மூன்றாவது. நியூட்ரான் எந்தக் கோணத்தில் தெறிக்கிறது என்பது நாலாவது. தளும்பலும் நீட்சியும் இவற்றை ஒரே விதமாக மாற்றுவதில்லை. எல்லாவற்றையும் சேர்த்து வைத்தால்தான் ஒன்றை மற்றதிலிருந்து பிரிக்க முடியும். ஒரே எண்ணை வைத்துக்கொண்டு வடிவத்தைச் சொல்கிறேன் என்பவரை நான் நம்ப மாட்டேன்.

நகமுரா குழுவும் அதே 2014-இல் ஈயம், கார்பன் இரண்டின் விவரங்களையும் இணைத்துப் பார்த்தது. உடைந்து வரும் உள்கரு நியான்-30. அது சுழன்றுகொண்டே வந்தால் ஒரு குறிப்பிட்ட காமா கதிரை உமிழும். அமைதியாக வந்தால் உமிழாது. அந்தக் கதிரைக் கவனித்ததில், நியான்-31-இன் நிலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் "அமைதியான உள்கருவும் கோண உந்தம் 1 உள்ள நியூட்ரானும்" என்ற சேர்க்கை என்று தெரிந்தது. மீதியில் உள்கருவே சுழலும் சேர்க்கைகள் கலந்திருக்கின்றன. உருண்டையான உள்கரு இவ்வளவு எளிதில் சுழல்வதில்லை. பிரிக்கும் ஆற்றலும் 0.15 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் என்று வந்தது. சாதாரணக் கருவில் இருப்பதில் ஐம்பதில் ஒரு பங்கு. தண்ணீர் தளும்பியும் இருக்கிறது, சுவரும் தாழ்ந்திருக்கிறது. அதே ஆண்டு மக்னீசியம்-37-இலும் இதே வகை ஒளிவட்டம் தெரிந்தது. அங்கே பிரிக்கும் ஆற்றல் 0.22.

இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்கத்தான் செய்வீர்கள். உடைவைத் தலைகீழாக ஓட்டினால், ஒரு கரு நியூட்ரானைப் பிடித்துக்கொண்டு வளரும் வினை. தங்கம் முதலான கனமான தனிமங்களில் பெரும்பகுதி, நியூட்ரான்கள் மழையாகக் கொட்டும் இடங்களில் இப்படிப் பிடித்துப் பிடித்து வளர்ந்தவைதான். 2017-இல் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியது பதிவானபோது அதற்கான அடையாளம் கிடைத்தது. அந்தச் சங்கிலியில் மில்லி விநாடியே வாழும் கருமீது நியூட்ரானை ஏவி அளக்க நமக்கு வழியில்லை; கருவையே இலக்காக வைக்க முடியாதே. உடைத்து அளந்து, திருப்பிக் கணக்கிடுவதே வழி. அதில் வடிவத்தை விட்டுவிட்டால் கணக்குப் பிசகும். ரூர்க்கிக்காரர்கள் 2016-இல் சோடியம்-34 என்ற கருவுக்கும் இவ்வாறு கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

அந்தப் பையன் இப்போது எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. விடைத்தாள்கள் எப்போதோ எடைக்குப் போயிருக்கும். அரை மதிப்பெண் பாக்கி இருக்கிறது.

கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் தம்பியின் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கிணறு வரை வேகமாகத் தலையாட்டினார். மில்லிபார்னில் கொஞ்சம் தயங்கினார். முடிந்ததும், "எல்லாம் சரி, நீளம் நீளம்னீங்களே, அந்த நியான் எவ்வளவு நீளம்னு சொல்லவே இல்லையே?" என்றார். மக்னீசியம்-32 மாதிரி ஒன்றரை மடங்கு இருக்குமோ என்று ஊகிக்கலாம் மாமி, ஆனால் நியான்-31-க்கு அப்படி நேரே அளந்த எண் என் கையில் இல்லை. உடைந்த துண்டுகளிலிருந்து கணக்குப் போட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது என்றேன். "அப்போ அதையும் எழுதிடுங்கோ" என்றார். எழுதிவிட்டேன்.